கழுவாத வீடு

"ஏளா சீனித்தாய்! பின்கட்டு வீட்டைக் கழுவி விட்டியா இல்லியா?"

பொழுது விடிந்தும் விடியாமலும் முத்துக்கனி அம்மாள் போட்ட சத்தத்தில் கிணற்றடிக் காக்கையெல்லாம் பறந்துவிட்டன. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சீனித்தாய் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மாமியார் சத்தம் அவளுக்குப் புதிதா என்ன? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது. ஆனால் இன்றைக்கு அவள் எழுந்திருக்காதது அதனால் அல்ல. வயிற்றெரிச்சல்!

பின்கட்டு வீட்டில் குடியிருந்தவள் பிளாரன்ஸ். அவள் புருஷன் ரோச், தோணிக்காரன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன அவன் தோணி இன்னும் திரும்பவில்லை. சண்டை நடக்கிற காலம், கடலில் என்ன நடந்ததென்று யார் கண்டது? துறைமுகத்தில் எவனோ ஒருவன் 'முழுகியிருக்கும்' என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான்! வாயும் வயிறுமாக நின்ற பெண்ணை நேற்றுச் சாயங்காலம் சட்டிபானையோடு தெருவில் இறக்கிவிட்டாள் முத்துக்கனி அம்மாள். "புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவ என் வளவுக்குள்ள இருந்தா, ரெங்கோன்ல இருக்க என் மவனுக்கு ஆகாது" என்றாளாம். கேட்டீர்களா நியாயத்தை!

மூத்த மகன் அய்யாக்குட்டி கடை வைக்கிறேனென்று ரெங்கோனுக்குப் போனவன். அங்கே குண்டு விழுந்ததிலிருந்து அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அந்தத் தவிப்பை யார் தலையிலாவது இறக்கவேண்டும் அல்லவா? பிளாரன்ஸ் அகப்பட்டாள்.

தாய் தகப்பன் இல்லாத பெண் அவள். சீனித்தாய்தான் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். திரேஸ்புரம் வரைக்கும் போய்க் கேட்டாள். "தோணி திரும்பாதவன் பொஞ்சாதியா? வேண்டாம் தாயி..." என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் மாதா கோயில் தாழ்வாரத்தில் பாயை விரித்து அவளை உட்காரவைத்துவிட்டு வீடு திரும்பினாள். ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

"காது அடைச்சிட்டா? கழுவினியான்னு கேட்டேன்!"

சீனித்தாய் எழுந்து முற்றத்துக்கு வந்தாள். "கழுவ மாட்டேன் அத்தை."

பல் விளக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் செந்தில்வேல் திடுக்கிட்டுத் திரும்பினான். பெண்டாட்டி வாயிலிருந்து 'மாட்டேன்' என்று ஒரு சொல்லை அவன் கேட்டதே இல்லை. "ஏளா, அம்மா சொன்னதைச் செய்துட்டுப் போயேன்... ரெண்டு குடம் தண்ணிதானே?" என்றான்.

"ரெண்டு குடம் தண்ணியா! சவம் எடுத்த வீட்டைத்தாங்க கழுவி விடுவாங்க! ரோச் அண்ணன் சவத்தை நீங்க பாத்தீயளா? இல்ல, அத்தைதான் பாத்தாவளா?"

"பாக்க வேற செய்யணுமோ? ஊரே சொல்லுதே!" என்றாள் முத்துக்கனி அம்மாள்.

"ஊரு ரெங்கோன் அத்தானைப் பத்தியும்தான் சொல்லுது. நம்ம வீட்டைக் கழுவிருவோமா?"

முத்துக்கனி அம்மாளின் முகம் வெளுத்தது. ஆனாலும் சீனித்தாய் விடவில்லை. இத்தனை வருஷமாக விழுங்கினதெல்லாம் இன்றைக்கு வெளியே வந்துவிட்டது!

"அத்தான் ரெங்கோனுக்குப் படியிறங்கின கையோட வீட்டைப் பெருக்கிட்டேன்னு, அதனாலதான் அவுக திரும்பலைன்னு, என்னை மூதேவிங்கீய. நல்ல நாள் பெரிய நாள்ல சாமி விளக்கை என் கையால ஏத்த விட்டதில்ல. வாயைத் திறந்தேனா? ஒரு பெருக்குக்கே எனக்கு இத்தனை தண்டனைன்னா, அவ புருஷன் கடல்ல இருக்கையில அவன் வீட்டையே கழுவச் சொல்லுதீயளே... உங்களுக்கு என்ன தண்டனை அத்தை?"

"சீ, வாயை மூடு! என் மவனைத் தொலைச்ச பாவி, நீ எனக்கு நியாயம் சொல்லுதியா? நானே கழுவுதேன், போ!"

நிறைகுடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் பின்கட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். வாசற்படியை மிதித்திருப்பாள். அதற்குள் முன்கட்டிலிருந்து ஓடிவந்து குறுக்கே புகுந்தாள் பகவதி. தலைப்பிரசவத்துக்கு ஆறுமுகநேரியிலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்த ஒரே மகள். நிறைவயிற்றோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊத்தாதம்மா! ஊத்தாத... அன்னைக்குப் பெருக்கினது மைனி இல்லம்மா. நான்!"

"என்னளா உளறுத?"

"மறுநாள் என்னைப் பொண்ணு பாக்க வாரதா இருந்தாங்கல்லா? அந்த நெனைப்புல, அண்ணன் தெருமுக்குத் திரும்புமுன்ன நான்தான் வெளக்குமாத்தை எடுத்துட்டேன். நீ வாரதைப் பாத்துட்டு மைனி அதை என் கையிலருந்து புடுங்கிக்கிட்டாவ. 'ராசியில்லாதவன்னு பேரு வந்தா உனக்கு அமையப்போற எடம் தட்டிப்போயிரும், நீ பேசாம இரு'ன்னாவ. நானும் பாவி, பேசாமலே இருந்துட்டேனே... அம்மா!"

குடம் நழுவி முற்றத்திலேயே விழுந்து உருண்டது. செந்தில்வேல் தலையைத் தொங்கப்போட்டான். அவனும்தான் இத்தனை நாளும் பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசாதவன்! ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் முத்துக்கனி அம்மாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏளா சீனித்தாய்... ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லப்படாதா?"

"சொன்னா நம்பியிருப்பீயளா அத்தை?"

மாமியார் கையை நீட்டினாள். சீனித்தாய் அந்தக் கைக்குள் போகவில்லை. கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கிட்ட அழுவாதீய. அங்கன மாதா கோயில் தாழ்வாரத்துல ஒருத்தி கெடக்கா. நான் கூப்பிட்டா வரமாட்டா. எறக்கிவிட்டது நீங்க, நீங்கதான் போவணும்."

முத்துக்கனி அம்மாள் நனைந்த சேலையோடேயே நடந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே! அவள் பிளாரன்ஸைத் தெருவில் இறக்கிவிட்டபோதும் இந்தத் தெரு வேடிக்கைதானே பார்த்தது? சீனித்தாய் பின்னாலேயே போனாள்.

கையில் ஜெபமாலையோடு தூணில் சாய்ந்திருந்த பிளாரன்ஸ், அவளைக் கண்டதும் பதறி எழுந்தாள். "பெரியம்மா... நான் உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டேன். ஆனா அவரு செத்துட்டாருன்னு மட்டும் சொல்லாதீய... உங்க காலைப் பிடிச்சிக் கேக்கேன். அவரு வருவாரு பெரியம்மா..."

குனிந்தவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள் முத்துக்கனி அம்மாள். திரும்பிச் சீனித்தாயைப் பார்த்தாள். சீனித்தாய் குனிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வருவான்ளா. என் மவனும் வருவான், உன் புருஷனும் வருவான். வா, வீட்டுக்குப் போவோம்... உன் வீட்டை யாரும் கழுவல தாயி. என் மருமவ கழுவ விடல."