இழை இல்லாத ஜோடி

"இழை எதுவும் இல்லை" என்றது பிறவிப்பெருமாளின் மணிக்கட்டில் இருந்த இழைகாணி. அவர் கையை உதறிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில்தான் வந்தது.

பாளையங்கோட்டையில் எந்த வீட்டிலும் அது அப்படிச் சொன்னதில்லை. சினிமா, எண், சின்னம், அன்றைய செய்தி நான்கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதுதானே அதன் வேலை! அன்று காலை அது சொன்னதைப் பாருங்கள். நேற்று வெளியான படத்தில் நாயகி ஏறிய ரயில்பெட்டியின் எண் முப்பத்தேழு. இன்று ஊரில் பெய்த மழை முப்பத்தேழு மில்லிமீட்டர். முப்பத்தேழை மூன்றால் பெருக்கினால் வரிசையாக மூன்று ஒன்றுகள். வில்லனின் மோதிரத்தில் மூன்று மீன்கள். மீன் விலை ஏறியதுதான் இன்றைய தலைப்புச் செய்தி. அடேயப்பா! டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பதற்காக வந்த கருவிதான். நம் ஆட்கள் விளையாட்டை விளையாட்டாக விட்டுவைப்பார்களா? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பதினோராவதாக இழைப் பொருத்தத்தையும் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் பத்தையும் கைவிட்டு, பதினோராவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறந்த அன்று வந்த செய்தி, பார்த்த படங்கள், வீட்டு எண், வண்டி எண் என்று எல்லாவற்றையும் கோர்த்துப் பார்த்தால் சாதாரண ஜோடிக்கே நாலாயிரம் இழை தேறும்.

பிறவிப்பெருமாளின் ஒரே மகள் வடிவுக்கும் அவள் விரும்பிய இசக்கிராஜனுக்கும் ஒன்றுகூடத் தேறவில்லை. அவள் கல்லூரியில் நிகழ்தகவு நடத்துகிறவள். அவன் கயத்தாறு காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன்.

"தெருநாய்க்கும் எனக்குமே ஆயிரம் இழை வருதுட்டி" என்றார் பிறவிப்பெருமாள். "ஒண்ணுமே இல்லாத இடத்துல உன்னைக் கொண்டு தள்ளச் சொல்லுதியா? நடக்காது."

"அவுகளை ஒருதடவை பாத்துப் பேசுங்கப்பா."

"பேசி என்னத்துக்கு? அதான் மெஷினே சொல்லிட்டே."

வடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இசக்கிராஜன் இல்லாத வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுது முடித்துவிட்டுக் கணக்குப் போட்டாள். கணக்கைப் பார்த்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் காலை அப்பாவுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஐப்பசி மழையில ஊரே நனையுது. ரெண்டு பேரு டவுன்லேர்ந்து ஜங்ஷன் வரைக்கும் குடையில்லாம நடந்து வாராவ. மேல ஒரு சொட்டு விழலை. அவுகளை என்ன சொல்லுவிய?"

"சாமி கூடவே வந்திருக்குன்னு சொல்லுவேன்."

"எங்க கதையும் அப்படித்தாம்பா. நாலாயிரம் இழை இருக்கதுல ஒரு அதிசயமும் இல்ல. அத்தனை படம், அத்தனை எண்ணு, அத்தனை செய்தி கிடந்தா எதை வேணும்னாலும் எதோடயும் முடிச்சுப் போடலாம். ஒண்ணைக்கூடப் போட முடியலன்னாத்தான் அதிசயம். எங்களை மாதிரி இன்னொரு ஜோடி உலகத்துலயே இருக்காது."

அவள் சொன்ன கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அபூர்வமானதெல்லாம் நல்லதாகத்தான் இருக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அது வடிவுக்குத் தெரியும். கல்யாணம் நடந்தால் போதும் என்று அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

பிறவிப்பெருமாள் காப்பியைக் கீழே வைத்தார். "உலகத்துலயேவா?"

"உலகத்துலயே."

அவ்வளவுதான், மனுஷன் தலைகால் புரியாமல் ஆடினார். மத்தியானத்துக்குள் தெருவுக்கெல்லாம் தெரிந்தது, சாயங்காலம் செய்தியாளர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டார், அவனிடம் ஒரு வார்த்தை பேசத்தான் நேரமில்லை. 'சுழியப் பொருத்தம்' என்று தலைப்பிட்டு நாடு முழுக்கச் செய்தி ஓடியது. பிறகு பார்க்க வேண்டுமே! நாலாயிரம் இழை என்றாலே முகத்தைச் சுளித்தார்கள். தாங்கள் பார்த்த படங்களைக் கணக்கிலிருந்து அழித்தார்கள், வண்டி எண்ணை மாற்றினார்கள். கருவியை விற்ற நிறுவனமே 'இழை உதிர்ப்பு' என்று ஒரு சேவையைத் தொடங்கிக் காசு பார்த்தது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஆளுயரச் சுழியம் ஒன்றைப் பூவால் கட்டி நிறுத்தியிருந்தார் பிறவிப்பெருமாள். வந்தவர்களெல்லாம் அதன் நடுவில் தலையை நீட்டிப் படமெடுத்துக்கொண்டார்கள். உள்ளே வந்த சம்பந்தி வீட்டு உறவுக்காரர் ஒருவர், சும்மா இருக்காமல், செய்தி வந்த பிறகு யாரும் மறுபடி கேட்டுப் பார்க்காத ஜோடிப் பொருத்தத்தைத் தன் இழைகாணியிடம் கேட்டார்.

"ஓர் இழை" என்றது அது. "மணமக்கள் இருவரும் ஒரே செய்தியில் இடம்பெற்றுள்ளனர்."

ஆமாம், இழைகாணி செய்தியும் படிக்கும் அல்லவா! இழையே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னதே முதல் இழையாகிவிட்டது. ஒன்று வந்தால் மற்றவை சும்மா இருக்குமா? செய்தி வந்த தேதி ஒரு படம் வெளியான தேதியோடு பொருந்தியது. அந்தப் படத்தின் சுவரொட்டியில் வட்டமான நிலா இருந்தது. வாசலில் பூவால் கட்டியதும் வட்டம்தான். காலைப் பலகாரத்துக்கு இரண்டாம் பந்தி உட்காரும்போது எண்ணிக்கை நாலாயிரத்தைத் தொட்டுவிட்டது.

பிறவிப்பெருமாள் வியர்த்து விறுவிறுத்து மணமகள் அறைக்குள் வந்தார்.

"போச்சுட்டி! எல்லாரையும் போல ஆயிட்டியளே! நான் எதை நம்பி உன்னை அவருக்குக் கட்டிக்குடுப்பேன்?"

அப்பா ஒருமுறை வேண்டாம் என்றால் மண்டபமே காலியாகிவிடும். ஆனால் இன்னொரு கணக்குச் சொல்லி அவரை ஏமாற்ற வடிவுக்கு மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியலப்பா. அவுக அடுத்த ரூம்லதான் இருக்காவ. போய் ரெண்டு வார்த்தை பேசுங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா, நானே மாலையைக் கழட்டுதேன்."

அவர் அரைமனதாகப் போனார். இசக்கிராஜன் பதறி எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். என்ன கேட்பதென்று பிறவிப்பெருமாளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைக் கேட்டார்.

"மாப்ள, படமெல்லாம் பாப்பியளா?"

"ஒண்ணு விடமாட்டேன் மாமா. ஆனா எந்தப் படத்துக்கும் முடிவு தெரியாது."

"அதென்ன?"

"ஸ்டாண்டுல வண்டி நடுவுல மாட்டிக்கிடும்லா? கடைசிச் சண்டை ஆரம்பிச்சதும் எந்திரிச்சு வந்திருவேன்."

உலகத்தில் எவ்வளவோ மாறிவிட்டது, தியேட்டர் ஸ்டாண்டில் வண்டி எடுப்பது மட்டும் மாறவில்லை. பிறவிப்பெருமாள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதிய. நானும் அப்படித்தான். சின்ன வயசுலேர்ந்து ஒரு படத்தையும் முழுசாப் பாத்ததில்ல."

இழைகாணிக்கு டிக்கெட் வாங்கியது தெரியும், பாதியில் எழுந்து வந்தது தெரியாது. இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. எந்த வரிசையில் நிறுத்தினால் சீக்கிரம் எடுக்கலாம் என்பதில் பேச்சுத் தொடங்கியது. உயரத்தில் ஏறும்போது பயமாக இருக்காதா என்று மாமா கேட்டார். முதல் நாள் பாதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை மாப்பிள்ளை சொன்னான். வெளியே மேளக்காரர்கள் இரண்டு முறை வாசித்து நிறுத்திவிட்டார்கள். ஐயர் கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் மணப்பெண்ணே கூறைப்புடவையோடு வந்து கதவைத் தட்டினாள்.

"அப்பா, முகூர்த்தம் போகுது. ரெண்டு பேரும் வாரியளா இல்லையா?"

பிறவிப்பெருமாள் வேண்டாவெறுப்பாக எழுந்தார். மகளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, இவ்வளவு நல்ல புள்ளையை இத்தனை மாசமா என் கண்ணுல காட்டாம எங்க ஒளிச்சு வச்சிருந்த?"