ரயில் போன பிறகு ஓர் அடி

கரண்ட் போனதும் தறிகள் நான்கும் நின்றன. அவை நின்ற பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

மோகனப்ரியா அப்போது அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். விசைத்தறி எப்படி நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். மோட்டாரின் உறுமல் இறங்கும், குறுக்கு நூலோடு ஓடும் நாடா கடைசியாக ஒருமுறை ஓடிப்போய் மோதும், பெல்ட் ஒரு முனகு முனகும், அவ்வளவுதான். இன்று அதெல்லாம் முடிந்து, காதை அடைத்தாற்போல் அமைதி வந்து, அதற்கும் பிறகு தறிக்கூடத்துக்குள் யாரோ வெறுங்காலைச் சிமென்ட் தரையில் ஊன்றிய சத்தம் கேட்டது. ஒரே ஓர் அடி.

"பாப்பா?" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஆறு வயது மகள் பிரித்திகா காய்ச்சல் மருந்தின் மயக்கத்தில் முன்னறையில் மத்தியானத்திலிருந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தவிர அது குழந்தையின் காலடியும் இல்லை. அதில் கனம் இருந்தது.

எலி எதையாவது தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். அமாவாசையும் அதுவுமாகத் தறி ஓட்டினால் மனசு இப்படித்தான் எதையாவது கற்பனை பண்ணும். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் அவர்கள் தெருவில் அமாவாசைக்கு யாரும் தறி ஓட்டுவதில்லை. அன்றைக்குத் தறிக்குச் சூடம் காட்டிவிட்டுக் கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். அவள்தான், தீபாவளி ஆர்டர் பாக்கியிருக்கிறது என்று, புருஷன் ஜெகநாதன் பலமனேரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் பஸ் ஏறியதும் நான்கையும் ஓடவிட்டாள். "அமாவாசைன்னா ஆர்டர் குடுத்த சேட்டு வுட்டுடுவானா?" என்று எதிர்வீட்டுச் செங்கமலத்திடம் சவடாலாகச் சொன்னாள். செங்கமலம் வாயைப் பிதுக்கிவிட்டுக் குடும்பத்தோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இப்போது தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் அரவம் இல்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மழை வருகிற வாசனையோடு மெஷின் எண்ணெய் வாசனையும் தறியில் விரித்த கஞ்சி போட்ட பாவு நூலின் புளித்த வாசனையும் கூடத்திலிருந்து அடுப்படிக்கு வந்தன.

செல்போன் அடித்ததில் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். ஹரிதா. ஜெகநாதனின் தங்கை, திருப்பதியில் ஒரு துணிக்கடையில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் வாசம்.

"அண்ணி! நீ சொன்னியே ரயில் படம், இன்னிக்கி லீவுன்னு பாத்துட்டேன். அய்யோ, இன்னா படம்! ரூம்ல கீற எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

மோகனப்ரியாவுக்குப் பயத்திலும் ஒரு பெருமை வந்தது. அந்தப் படத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். தறி ஓடும்போது போனில் தமிழ்ப் படமோ தெலுங்குப் படமோ பார்த்துப் பிரயோஜனமில்லை. கதாநாயகன் வாயைத் திறந்து திறந்து மூடுவான், ஒரு மண்ணும் கேட்காது. அடியில் எழுத்து ஓடுகிற வெளிநாட்டுப் படம் என்றால் சத்தமே தேவையில்லை என்பதை அவள் தற்செயலாகத்தான் கண்டாள். பத்தாவது வரை படித்த தெலுங்கு அதற்குப் போதும். போனைத் தூணில் கட்டி வைத்துவிட்டு ஒரு கண் பாவிலும் ஒரு கண் படத்திலுமாக எத்தனையோ நாட்டுப் படங்களைப் பார்த்துத் தீர்த்தாள். அப்படி மாட்டியதுதான் அந்தப் பிரெஞ்சுப் படம். பேர் வாயில் நுழையாததால் ரயில் படம். தண்டவாளத்தை ஒட்டின வீட்டில் தனியாக இருக்கிற ஒரு பொம்பளை. அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவன். ரயில் போகிற சத்தத்தில் மட்டும்தான் அவன் நகருவான். ரயில் இல்லாதபோது எங்கே நின்றானோ அங்கேயே நிற்பான், கதவுக்குப் பின்னால், திரைக்குப் பின்னால், அவள் முதுகுக்குப் பின்னால். பார்த்த நாளிலிருந்து அவள் சொல்லாத ஆளில்லை. பால்காரரிடம்கூடச் சொன்னாள். பார்த்தது ஹரிதா ஒருத்திதான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். நீ இத்த சத்தம் வெச்சிப் பாத்தியா, எழுத்து மட்டும் படிச்சியா?"

"தறி ஓடிக்கினு இருக்கும்போது இன்னாடி சத்தம்? எழுத்துதான்."

"அவுனா? அப்ப உனுக்குப் பாதிப் படமே தெரியாது போ. ரயில் போயி முடியுதில்ல, ஒவ்வொரு வாட்டியும் முடிஞ்ச பின்னாடி ஒரு அடி கேக்கும் அண்ணி. ஒரே அடி. ரயிலு சட்டுனு முடிஞ்சிடுது, அவனால உடனே நிக்க முடியல. அத்த வெச்சித்தான் அந்தப் பொம்பள, வீட்ல ஆள் கீறான்னு கண்டுபுடிக்கிறா. எழுத்துல அத்தப் போடவேயில்ல பாரு."

மோகனப்ரியா தறிக்கூடத்து வாசலைப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் தோல் சில்லிட்டது.

"அண்ணி? லைன்ல கீறியா?"

"ஹரி," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இங்க இப்பதான் கரண்ட் போச்சி. தறி நின்னுது. நின்ன பின்னாடி..."

"வெளாடாத அண்ணி. நானே பயந்துக்கினு கீறேன்."

"வெளாட்டு இல்லடி."

ஹரிதா வேறு குரலில் கேட்டாள். "பாப்பா எங்க?"

"முன்னறையில. தூங்குது."

"நீ?"

"அடுப்படியில."

"நடுவுல தறி. அண்ணி, நீ மொதல்ல பாப்பாகிட்டப் போ. கரண்ட் வர்றதுக்குள்ள..." என்றாள் ஹரிதா. அதோடு லைன் அறுந்தது. கரண்ட் போனால் டவரும் போகும், நகரியில் அது சகஜம்.

கரண்ட் வருவதற்குள். மோகனப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டார் சுவிட்சுகளை அவள் அணைக்கவில்லை. கரண்ட் போனதும் முதலில் சுவிட்சை அணை, திடீரென்று வந்தால் நாடா நடுவில் நின்று பாவையே அறுத்துவிடும் என்று ஜெகநாதன் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை. ஓடி ஓடி அணைத்துப் போட யாருக்கு நேரம்? வந்தால் தானாக ஓடட்டும் என்று விட்டுவிடுவாள். சுவிட்சுகள் இருப்பது கூடத்தின் அந்தப் பக்கம், முன்னறை வாசலை ஒட்டிய சுவரில். கரண்ட் வந்த நிமிஷம் நான்கு தறிகளும் ஓடும். உள்ளே நிற்பது எதுவோ, அதுவும் நகரும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வந்திருக்க வேண்டாம்.

தறிக்கூடத்தில் பின்னால் ஆள் வந்து நின்றாலும் காதில் விழாது. அதற்காகத் தறிக்காரர்களிடம் ஒரு ஜாடை உண்டு. எதிரே இருப்பவர் இரண்டு விரலைத் தன் இடது தோளில் வைத்தால், உன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று பொருள். பின்னால் நிற்பவர் போகும்வரை விரலை எடுக்கக் கூடாது. தறி வீட்டுக் குழந்தைகள் பேச்சு வருவதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டுவிடும். போன வாரம் பிரித்திகா வாசற்படியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டே அவளைப் பார்த்து விரலைத் தோளில் வைத்தாள். மோகனப்ரியா திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. கழுதை, ஏமாத்துறியா என்று சிரித்தாள். மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் முதுகில் ஒன்று வைத்ததும் குழந்தை அழுதுகொண்டே, "நான் வெளாடல மம்மி" என்றது.

வெளாடல என்றுதான் சொன்னது. அதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கத்தலாம். கத்தினால் கேட்பதற்குத் தெருவில் ஆளில்லை. பின்வாசல் வழியாக ஓடித் தெருவைச் சுற்றி முன்பக்கம் வரலாம். ஆனால் முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, அவள் கையாலேயே போட்டது. குழந்தையிடம் போக இந்தக் கூடத்தைத் தவிர வழியில்லை. அவள் போன் டார்ச்சைப் போட்டாள்.

கூடம் அவள் தினமும் பன்னிரண்டு மணி நேரம் புழங்குகிற கூடம்தான். ஆனால் ஓடாத தறிகளை இருட்டில் அவள் பார்த்ததே இல்லை. டார்ச் வெளிச்சம் விரித்த பாவின் வழியாகப் போய், ஆயிரக்கணக்கான இழைகளின் நிழலை எதிர்ச்சுவரில் ஆடவிட்டது. அந்த ஆட்டத்தில் எது நிழல், எது ஆள் என்று சொல்ல முடியவில்லை. மூலையில் நூல் மூட்டைகள், அவற்றின் மேல் அவளே போட்ட பழைய போர்வை. தூணில் மாட்டிய ஜெகநாதனின் சட்டை. தறிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் சந்து. காலடியில் பஞ்சுத் தூசி மெத்தென்று இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நிற்கட்டும். நிற்பது நிற்கட்டும், நகராமல் இருந்தால் போதும். எல்லையம்மா, கரண்ட் மட்டும் இப்போது வரக் கூடாது.

முதல் தறியைத் தாண்டினாள். எண்ணெய் சூடு ஆறுகிற வாசனை. இரண்டாவது தறியின் பக்கம் வேறொரு வாசனை. மனித வாசனைதான். குளிக்காத உடம்பும், நாள்பட்ட ஈரத் துணியும் சேர்ந்த வாடை. அவள் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பவில்லை. திருப்பக் கை வரவில்லை. படத்தில் அந்தப் பொம்பளையும் இப்படித்தான், பார்க்காமலே நடந்தாள். அப்போது தூணுக்குப் பக்கத்தில் நின்று, "பாருடி பைத்தியக்காரி" என்று அவளைத் திட்டியது மோகனப்ரியாதான்.

மூன்றாவது தறி. முன்னறை வாசல் தெரிந்தது. சுவிட்ச் பலகை தெரிந்தது. இன்னும் ஐந்தாறு அடிதான்.

டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது.

"வேணாம்," என்றாள்.

கரண்ட் வந்தது.

நான்கு தறிகளும் ஒரே நேரத்தில் அலறின. தரை அதிர்ந்தது. நாடாக்கள் பறந்தன. பாவு அறுந்து இழைகள் தெறித்தன. காது போயிற்று. அவள் குரல் போயிற்று. பின்னால் என்ன வந்தாலும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். திரும்பாதே. ஓடு. சேலை எதிலோ மாட்டியது. இழுத்தாள். கிழிந்தது. போன் விழுந்தது. விட்டுவிட்டாள். சுவர். பலகை. கை எட்டியது.

கை சுவிட்சில் இருக்கும்போதே முன்னறை வாசலில் பிரித்திகாவைப் பார்த்தாள்.

தூக்கக் கலக்கத்தில், கலைந்த தலையோடு, போர்வையை இழுத்துக்கொண்டு குழந்தை நின்றிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மோகனப்ரியாவுக்கு அழுகை பொங்கியது. என் கண்ணு, என் தங்கம், வா என்று கத்தினாள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் தள்ளிப் பார்த்தது.

பிறகு இரண்டு விரலைத் தன் இடது தோளில் வைத்தது.

மோகனப்ரியா சுவிட்சுகளை வரிசையாக அணைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தப்பியது. மறுபடி அழுத்தினாள். மோட்டார்கள் இறங்கின. நாடாக்கள் மோதி நின்றன. பெல்ட் முனகி அடங்கியது.

காத்திருந்தாள். அந்த ஓர் அடிக்காக.

இந்த முறை மிச்சச் சத்தம் எதுவும் இல்லை. வர வேண்டிய இடத்துக்கு அது வந்து நின்றுவிட்டது.

அமைதியில் குழந்தையின் மூக்கடைத்த மூச்சு கேட்டது. அவளுடைய மூச்சு கேட்டது. அவள் காதோரத்து முடி மெல்ல அசைந்தது. மின்விசிறி ஓடவில்லை.

பிரித்திகா தோளிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.