சாலையைப் பார்க்காத கேமரா

கேமரா சாலையைப் பார்க்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஸ்ரீரஞ்சனி அதைக் கவனித்தாள். டாஷ்போர்டின் இடது ஓரத்தில் துளை போட்டு, ஓர் இரும்புப் பட்டையை வளைத்துத் திருகி, அதன் தலையில் ஹேண்டிகேமை உட்கார வைத்திருந்தான் சூர்யநாராயணன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கீழே பார்க்கிங்கில் அதே வேலையாக இருந்தான். இந்த ஊர் ஆட்டோக்காரர்கள் இடித்துவிட்டுச் சண்டைக்கும் வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு சாட்சி வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். ஆனால் அந்தக் கண் முன்கண்ணாடிப் பக்கமே இல்லை. ஓட்டுகிறவளின் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கையால் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கேமரா தப்பாக மாட்டியிருக்கிறது என்று அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ரோடு எங்கயும் போயிடாது, ரஞ்சி. நீ எப்படி ஓட்டறேன்னுதான் எனக்குத் தெரியணும்."

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து அவர்களுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹடப்சரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவனுக்கு வேலை. அவள் கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட். அவன் காலையில் முதலில் கிளம்பிக் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவான். அவள் மூன்று வயது மீனுவைப் பக்கத்துத் தெரு கிரெஷ்ஷில் விட்டுவிட்டுக் காரில் போவாள். 2004-ம் வருடத்து மழைக்காலம் அது. சுவர்களெல்லாம் பூசணம் பூத்து, துவைத்த துணி காயாமல் வீடு முழுக்க ஈர நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பொத்தானை அழுத்த வேண்டும், நிறுத்தியதும் அணைக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். பதிவாகும்போது எரியும் சிவப்பு விளக்கு திருடன் கண்ணில் படக்கூடாது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினான். சாப்பாடு ஆனதும் கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்து டிவியில் இணைத்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பான். டிவி நிறைய அவள் முகம். வைப்பர் இழுபடும் சத்தம், பஸ் ஹார்ன், நடுநடுவே அவளே அறியாமல் முணுமுணுத்த ஏதோ ஒரு பாட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய மூச்சு. தன் மூச்சு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் படத்தை நிறுத்தினான்.

"இங்க யாரப் பாத்துச் சிரிச்சே?"

சிக்னலில் ஒரு ஸ்கூட்டரின் பின்னால் அப்பாவின் ஹெல்மெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டான். மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகாமல் அவளை வழியனுப்பக் கீழே வந்தவன், அவள் விரல்கள் கதவு விளிம்பில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினான். அறையவில்லை. மெதுவாகச் சாத்தி, பிறகு இடுப்பால் அழுத்தினான். அந்த நேரம் முழுவதும் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், டிவியைப் பார்ப்பதைப்போல.

பள்ளிக்கூடத்தில் மும்தாஜ் டீச்சர் விரலில் என்ன கட்டு என்று கேட்டபோது, கார்க் கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். அது பொய்யும் இல்லை.

அடுத்த வாரம் தலைமயிரைப் பிடித்து ஸ்டியரிங்கில் வைத்து அழுத்தினான். ஹார்ன் நிற்காமல் அலறியது. வாட்ச்மேன் குடையோடு ஓடி வந்ததும் பிடியைத் தளர்த்திவிட்டு, ஹார்ன் ஒயர் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது என்று இந்தியில் அவனுக்கு விளக்கினான். அன்றைக்கு அவள் கோயம்புத்தூருக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளை கோபக்காரர் என்றாலும் எவ்வளவு அக்கறை, காரில் நீ பத்திரமாகப் போகிறாயா என்று தினமும் பார்க்கிறாரே, யார் செய்வார்கள் என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டும்போது முகத்தில் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளப் பழகினாள்.

அந்த வியாழக்கிழமை பேய்மழை. பள்ளிக்கூடத்துக்குப் பின்புறச் சந்தில் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் ஓடினாள். கேமராவை அணைக்க மறந்தது மதியச் சாப்பாட்டின்போதுதான் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தாள். பள்ளி விட்டதும் நனைந்துகொண்டே போய்க் காருக்குள் உட்கார்ந்தாள். கேமராவுக்குள் இருந்த டேப் முழுவதும் ஓடித் தீர்ந்திருந்தது. காலையில் வண்டியை நிறுத்திய இடம் வரை பின்னால் ஓட்டிவைத்துவிட்டால், திரும்பிப் போகும்போது அதன் மேலேயே பதிவாகிவிடும், அவனுக்குத் தெரியாது என்று தோன்றியது. சின்னத் திரையைத் தன் பக்கம் திறந்து வைத்து, இடம் தேடி ஓட்டினாள்.

காலியாக இருந்த தன் இருக்கை தெரிந்தது. அவள் இறங்கி ஓடிய பிறகு எடுத்த படம். கூரையில் மழை கொட்டும் ஓசை, எங்கோ பள்ளிக்கூட மணி. அப்புறம், அதிக நேரம் ஆகவில்லை, ஒரு சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது.

சூர்யநாராயணன் ஏறி உட்கார்ந்தான்.

கம்பெனி பஸ்ஸில் போயிருக்க வேண்டியவன். மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். முன்னால் சாய்ந்து, ஓட்டுகிறவளின் சீட் பெல்ட்டை நீளமாக இழுத்தான், தலை சாயும் திண்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டான், முழங்காலை இருக்கையின் முதுகில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். கழுத்து நரம்புகள் புடைத்தன. உதடுகள் ஏதோ எண்ணின. பிறகு விட்டான். பெல்ட் சரசரவென்று தன் இடத்துக்குப் போனது. அவன் திருப்திப்படவில்லை. மறுபடி இழுத்தான். இந்தமுறை வளையத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினான். திண்டுக்குக் கீழே, கழுத்து இருக்கும் இடத்துக்கு. டை கட்டிப் பழகுகிற ஒருவனுடைய பொறுமை அந்த முகத்தில் இருந்தது. மறுபடி. மறுபடி. கடைசியில் நெற்றியைத் திண்டின் பின்னால் ஒட்டவைத்து, கண்ணை மூடி, ஏதோ அடங்குவதைக் கேட்பவன்போல் கொஞ்ச நேரம் இருந்தான். சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு இறங்கிப் போனான்.

கேமராவை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் அவனே மூடியிருந்தானே.

ஸ்ரீரஞ்சனியின் பிடரி அதே திண்டில் சாய்ந்திருந்தது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கைகள் தாமாகவே டேப்பைப் பின்னால் ஓட்டி நிறுத்தின. போலீஸுக்குப் போக வேண்டும். இதைக் காட்ட வேண்டும். அப்போது கைப்பைக்குள் செல்போன் அடித்தது.

"கிளம்பிட்டியா?" என்றான் அவன். "மழைன்னு நான் சீக்கிரம் வந்துட்டேன். மீனுவையும் கூட்டிட்டு வந்துட்டேன். கீழதான் நிக்கறேன். நேரா வா."

எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. மீனு என்கிற ஒரே சொல். சேறாக ஓடிய சாலை. சாலையோரம் ஒரு போலீஸ் சௌக்கி, சின்னக் காவல் சாவடி, கடந்து போனது. நிறுத்தினால் பேச வேண்டும், இந்தியில், முதலிலிருந்து, எழுதிக்கொள்வார்கள், அதுவரை மீனு அவன் கையில். முதலில் குழந்தை. பிறகு போலீஸ். முதலில் குழந்தை.

விஷ்ராந்த்வாடியில் மழை இருட்டோடு லோட் ஷெடிங்கும் சேர்ந்து கரண்ட் இல்லை. கட்டிடமே இருட்டாக நின்றது. கேட்டில் வாட்ச்மேன் இல்லை. தூண்களுக்கு நடுவிலிருந்து குடையும் டார்ச்சுமாக அவன் வந்தான். தனியாக. கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, மீனு எங்கே என்று கேட்டாள்.

"சேவியர் வீட்ல விளையாடிட்டிருக்கா. நாம ரெண்டு பேரு மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். கூரைக்குக் கீழ கொண்டா. நான் நனையாம பின்னாடி ஏறிக்கறேன்."

மாடியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பக்கத்து ஃப்ளாட் சேவியரின் ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. மீனுவின் குரல். சிரிப்பு. குழந்தை மேலே இருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. டேப் இருக்கிறது, அது போதும் என்று கேமராவைப் பார்த்தாள்.

திறந்து கிடந்த சின்னத் திரையில் அவள் முகம். மூலையில் சிவப்புப் புள்ளி.

கிளம்பும்போது அழுத்தியிருக்கிறாள். பழக்கம். கேம்ப்பிலிருந்து இங்கே வரைக்கும் அவள் முகம்தான் பதிவாகிக்கொண்டே வந்திருக்கிறது, காலையில் பதிவாகியிருந்த அவன்மேல், அவன் கைகள்மேல், அந்த பெல்ட்டின்மேல். இப்போது உலகத்தில் எங்கேயும் அது இல்லை.

அவன் குடையை மடக்கித் தூணில் சாய்த்தான். அவர்களுடைய இடம் குறுகலானது, இரண்டு பக்கமும் தூண், எதிரே சுவர். சுவரோரம் போய் நின்றுகொண்டு, ஹெட்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி, இரண்டு கைகளாலும் அவளை அழைத்தான்.

"வா. வா. இன்னும் வா."

அவள் வந்தாள்.

"இன்னும் கொஞ்சம். வா. நேராத்தான் இருக்கு."

கிளட்ச்சை மெல்ல விட்டாள். பிடரியில் ஈரம்.

"போதும்."

உள்ளங்கையை உயர்த்தினான். அவன் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அவன் பின்னால் ஏறுவான். பின்கதவு திறக்கும். சரசரவென்று பெல்ட் வரும். நெற்றியைத் திண்டில் வைத்துக் கேட்பான்.

கால் ஆக்சிலேட்டரில் இறங்கியது.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஈரத்துணி மூட்டையைச் சுவரில் சாத்தியதுபோல் ஓர் ஓசை. அதற்குள்ளே குச்சி ஒடிவதுபோல் இன்னொன்று. அவன் பானெட்டின்மேல் கவிழ்ந்து விழுந்தான். முகத்தைத் தூக்கினான். ஆச்சரியம்தான் இருந்தது அதில். வாயிலிருந்து கறுப்பாக ஒழுகியது.

"பின்னாடி எடு," என்றான். மெதுவாக, வழக்கமான குரலில். "ரஞ்சி. பின்னாடி எடு."

கியரில் கை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. கால் எடுபடவில்லை. எஞ்சின் உறுமியது. சக்கரம் ஒன்று ஈரத் தரையில் சுழன்று ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. டாஷ்போர்டில் கேமரா அதிர்ந்துகொண்டிருந்தது. திரையிலிருந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ பழக்கிவிட்டதுபோல் அவ்வளவு சுத்தமாக ஒன்றுமே இல்லை.

மேலே மீனு ஏதோ பாடினாள்.

அவன் வலது கை பானெட்டைத் தட்டியது. பலமாக. எடு, எடு என்று. பிறகு பலமில்லாமல். பிறகு தூங்க மறுக்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல், ஒரு தட்டு, நிறைய இடைவெளி, இன்னொரு தட்டு. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். காலை எடுக்காமல்.