பலகையின் மறுமுனை

மோனிஷோலா எடுத்தது இரண்டே படம். கணினி மூன்று என்று காட்டியது.

பழைய கணினி. முதுகு பெருத்த அதன் திரையில், கேமராவிலிருந்து மூன்று படங்கள் இடம் மாறுவதாகச் சொன்ன வரிக்குக் கீழே பச்சைக் கோடு ஒன்று எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. பொத்தான் கூடுதலாக ஒருமுறை அழுந்தியிருக்கும் என்று நினைத்து, அவள் மேசைமேல் படிந்த புழுதியை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். இதுவரை பயப்பட ஒன்றுமில்லை, கண்ணுகளா.

பாலைவனப் புழுதியை அள்ளிக்கொண்டு ஹர்மத்தான் காற்று அடிக்கும் மாதம். பகல் பதினொரு மணிக்கும் வெயில் சுண்ணாம்புத் தண்ணீராய் வெளுத்துக் கிடந்தது. ஸ்டூடியோவின் தகரக் கூரைமேல் புழுதி சரசரவென்று இறங்குவதும், வாசலோரத்து ஜெனரேட்டர் பெட்ரோல் புகையைக் கக்கிக்கொண்டு தடதடப்பதும், எதிர்க்கடையில் அக்காரா வடை எண்ணெயில் விழுந்து சீறுவதும் ஒன்றோடொன்று கலந்து அவள் காதுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இன்னொரு சின்னச் சத்தம். வாசற்படியில் உட்கார்ந்து கெஹிந்தே வடையைச் சப்பும் சத்தம். ஆறு வயது. போன வாரம்தான் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன; கடிக்க முடியாமல் ஊதி ஊதிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அவளோடு இரட்டையாய்ப் பிறந்த டைவோ மூன்று வயதில் போய்விட்டாள். இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. ஒரு மாதமாகக் கெஹிந்தேவுக்கு ராத்திரியானால் சுரம். தூக்கத்தில், "இரு, வரேன்" என்கிறாளாம். போனவள் தனியாக இருக்க மாட்டாமல் இவளைக் கூப்பிடுகிறாள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு அந்த ஊரில் ஒரு வழி உண்டு. இருக்கிற பிள்ளையையே இரண்டு தடவை படமெடுத்து, இரண்டையும் ஒட்டி, இரட்டையராக்கி வீட்டில் மாட்டுவது. தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டால் போனவள் இருப்பவளை விட்டுவிடுவாள். மோனிஷோலா எத்தனையோ வீடுகளுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறாள்.

"ஒரு வேலை சொன்னா மூணு தடவ முனகுதே உங்க பெட்டி! எங்க மாமியாரைப் பிடிச்சு உள்ள போட்டுட்டீங்களா ஆன்ட்டி?" என்றாள் முக்காலியில் இருந்த தாய். இரட்டைப் பிள்ளை பெற்றவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊருக்கே அவள் இயா இபேஜி, இரட்டையரின் அம்மா.

"மெதுவாச் சொல்லுங்க இயா இபேஜி. அது காதுல விழுந்தா கோவிச்சுக்கிட்டு நின்னுடும்."

"நின்னா நான் உங்களைச் சும்மா விட்டுருவேனா? இன்னிக்கே கொண்டுபோய் மாட்டணும்." சிரித்துக்கொண்டே தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். "எனக்கு மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதானே."

மோனிஷோலாவுக்குப் படமெடுத்த நேரம் நினைவுக்கு வந்தது. நீலத் திரைச்சீலைக்கு முன்னால் ஒரு பலகை. முதலில் அதன் இடது முனையில் கெஹிந்தேவை உட்காரவைத்து ஒன்று. பிறகு மறுமுனைக்கு மாற்றி உட்காரவைத்து, வழக்கப்படி, "இப்ப நீதான் டைவோ. எங்க, டைவோ, ஆன்ட்டியைப் பாரு!" என்று கூப்பிட்டு இன்னொன்று. அந்தப் பெயருக்குப் பிள்ளை சிரிக்கவில்லை. காலியாக இருந்த இடது முனையைப் பார்த்தபடி, "ஆன்ட்டி, நான் உக்காந்திருக்கிறது அவ இடமாம். என்னைத் தள்ளிப் போகச் சொல்றா" என்றது. பிள்ளைப் பேச்சு என்று பொத்தானை அழுத்திவிட்டாள்.

பச்சைக் கோடு முடிந்தது.

முதல் படத்தைத் திறந்தாள். அந்தக் கணினியில் படம் மேலிருந்து கீழாக, கிணற்றில் வாளி இறங்குவதுபோல் மெல்ல மெல்லத்தான் தெரியும். நீலத் திரைச்சீலை வந்தது. அதன் மடிப்புகள் வந்தன. பலகை வந்தது. பலகையில் யாரும் இல்லை.

இரண்டாவதைத் திறந்தாள். திரைச்சீலை. பலகை. யாரும் இல்லை.

மூன்றாவது.

"ஐயோ!" இயா இபேஜி எழுந்துவிட்டாள். "ஒட்டின தடமே தெரியலையே! என் ரெண்டு பிள்ளைங்களும்! என்ன கை ஆன்ட்டி உங்களுக்கு!" அவள் தரையில் மண்டியிட்டு நன்றி சொன்னாள். கண்ணீர் தாடையில் சொட்டியது.

மோனிஷோலா இன்னும் எதையும் ஒட்டவே இல்லை.

வலது முனையில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அரிசி மணிபோல் பால்பற்கள், ஒன்றுகூடக் குறையாமல். இடது முனையில் இருந்தவள் சிரிக்கவில்லை. வாய் அகலத் திறந்திருந்தது. முன்பற்கள் இல்லை. ஒரு கை கேமராவை நோக்கி நீண்டிருந்தது. மற்றொரு கையின் மணிக்கட்டைச் சிரிப்பவள் பிடித்திருந்தாள்.

வாசலில் சப்பும் சத்தம் நின்றிருந்தது.

கறுக்.

யாரோ வடையை முன்பல்லால் கடித்தார்கள்.

கறுக். கறுக்.

கேமராவின் மெமரி கார்டு சின்னது. அதில் இடம் போதாது. அதனால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை. படத்தை அப்படியே இடம் மாற்றிவிடுவாள். இங்கே வந்தால் அங்கே இருக்காது. நடுவில் மின்சாரம் நின்றால் இரண்டு இடத்திலும் முழுதாக இருக்காது. ஒரு கல்யாணத்தையே அப்படித் தொலைத்திருக்கிறாள். அதெல்லாம் படங்களுக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மூன்றாவது படத்தைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பினாள்.

"எங்க ஆன்ட்டி அனுப்புறீங்க?"

"வந்த இடத்துக்கே. சத்தம் போடாதீங்க. கும்பிடுறேன்."

பச்சைக் கோடு ஊர்ந்தது. படம் கீழிருந்து மறையத் தொடங்கியது. பாதங்கள் போயின. வெள்ளைக் காலுறைகள் போயின. முழங்கால். திறந்த வாய் இன்னும் திரையில்தான் இருந்தது. போ. சீக்கிரம் போ, என் தங்கமே.

கறுக் சத்தம் நின்றது.

கதவு வழியே தெரிந்தது. பிள்ளை எழுந்து பாவாடைப் புழுதியைத் தட்டினாள். ஜெனரேட்டரின் பக்கத்தில் போய்க் குந்தினாள். அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள்.

"கெஹிந்தே! அதைத் தொடாதே!" என்றாள் மோனிஷோலா.

திரும்பவில்லை.

"ஏய் கெஹிந்தே, சுடும்டி! இங்க வா!" என்றாள் தாய்.

திரும்பவில்லை. விரல் நீண்டது.

ஓடலாம். ஆறு அடிதான். அதற்குள் பொத்தான் அழுந்திவிடும். கோடு பாதியில் இருந்தது. எந்தப் பெயருக்குத் திரும்புவாள் என்று மோனிஷோலாவுக்குத் தெரியும். கூப்பிடக்கூடாது. ஏற்கெனவே ஒருமுறை கூப்பிட்டாயிற்று. வேறு வழி இல்லை.

"டைவோ!"

பிள்ளை திரும்பினாள். சிரித்தாள். எல்லாப் பற்களும்.

பொத்தானை அழுத்தினாள்.

தடதடப்பு நின்றது. மின்விசிறி நின்றது. திரை ஒரு வெள்ளைப் புள்ளியாய்ச் சுருங்கி, அணைந்தது.

கூரையில் புழுதி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை உள்ளே வந்து தாயின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். இயா இபேஜி அதட்டத்தான் வாயெடுத்தாள். கழுத்தைத் தொட்ட கை அப்படியே நின்றது. பிறகு அவள் முகம் பூரித்தது.

"ஆன்ட்டி, சுரம் விட்டிருச்சு! தொட்டுப் பாருங்க, உடம்பு எப்படி ஜில்லுன்னு இருக்கு!"

மோனிஷோலா தொடவில்லை. மேசைமேல் கேமராவின் சின்னத் திரை தானாக எரிந்திருந்தது. நீலத் திரைச்சீலை. பலகை. அதன் இடது முனையில், வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு கால்கள், இடுப்பு வரைக்கும். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

தரை எட்டாத அந்தக் கால்கள், யாருக்காகவோ காத்திருக்கும் பிள்ளையின் கால்களைப்போல, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன.