காணாமல் போன பிரேக் கரண்ட்

குண்டூசி மெட்ரோ நிலையத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். முன்னால் போன சாவிக்கொத்து மாமா சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவள் தூணுக்குப் பின்னால் பதுங்கினாள். மணி மூன்று இருபத்தொன்பது!

குண்டூசியின் அம்மா மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள். பிரேக் பிடிக்கும்போது ரயிலின் மோட்டாரே மின்சாரம் தயாரிக்கும். அது நிலையத்துக்கு அடியிலுள்ள பேட்டரி அறையில் சேரும். அடுத்த ரயில் கிளம்ப உதவும். ஆனால் பத்து நாளாக அம்மாவின் மூன்றரை மணி ரயில் மட்டும் இங்கே துளிகூடச் சேர்க்கவில்லை.

"எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியலையாம். நாளைக்கு ஒரு நாள்தான், அப்புறம் வண்டி தர மாட்டாங்களாம்டி" என்று சொல்லிவிட்டு, நேற்று அம்மா சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அம்மாவுக்கா தெரியாது? குண்டூசியின் சந்தேகமெல்லாம் பேட்டரி அறைக் காவலரான இந்த மாமா மேல்தான். தினமும் இதே நேரத்துக்கு ஏன் பூனை மாதிரி வருகிறார்?

மாமா அறைக்குள் நுழைந்தார். குண்டூசி கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே 'ஹோ'வென்று இரைந்த ராட்சத மின்விசிறி... டக்! நின்றுவிட்டது. சுவர்த் திரையில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

மேலே தடதடவென்று ரயில் வந்து நின்றது.

"கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்!" கதவைத் தள்ளினாள்.

மாமாவின் கைபேசி நழுவி விழுந்தது. "ஐயோ! யாரும்மா நீ?"

"இப்ப வந்தது எங்கம்மா வண்டி! கரண்டை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"கரண்டா? ஃபேனைத்தாம்மா நிறுத்தினேன். ரெண்டே நிமிஷம்!"

"அதைப் படிங்க!" திரையைக் காட்டினாள்.

மாமா சட்டைப்பையெல்லாம் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். 'விசிறி ஓடவில்லை. பேட்டரி சூடாகும். மின்சாரம் ஏற்கப்படாது.'

அவர் முகம் வெளுத்தது. "அடக் கடவுளே! கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. ஒரு நாளும் படிக்கலையே!"

விசிறியைப் போட்டார். சுவரிலிருந்த போனை எடுத்தார். "சார், தப்பு என்னோடது. டிரைவரம்மாவோடது இல்ல..."

மறுமுனையில் ஏகப்பட்ட திட்டு. கடைசியில், "சரி, நாளைக்கும் அவங்களே ஓட்டட்டும்!"

குண்டூசிக்கு மூச்சு வந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை. "எதுக்கு நிறுத்தினீங்க?"

மாமாவின் காது சிவந்தது. தரையில் கிடந்த கைபேசிக்குள் ஒரு குழந்தை வீலென்று அழுதது.

குண்டூசி அதை எடுத்து நீட்டினாள். "இங்க ஒரே இரைச்சல். வெளியில போய்ப் பேசுங்க மாமா."

"வெளியிலயா? ஆளுங்க சிரிப்பாங்கம்மா!"

"எவன் சிரிக்கிறான்னு பாத்துடலாம். நான் காவல்!"

நடைபாதை மூலையில் அந்த ஆறடி மாமா குந்தி உட்கார்ந்தார். கைபேசியை வாயோடு அணைத்துக்கொண்டு, கரகர குரலில் மெல்லத் தொடங்கினார்.

"ஆராரோ... ஆரிரரோ... அப்பா பாடியாச்சு, பாப்பா தூங்கணுமாம்..."