எட்டுப் பெண்களும் ஒரே குடும்பமா?

மழை திடீரென்று வலுத்தது. கணினிப் பயிற்சி மையத்தின் படிகளைத் தாவி ஏறிய கணக்கு டீச்சர் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். உள்ளேயிருந்து அதே நொடியில் ஒருவன் இழுத்தான். அவ்வளவுதான்... அவள் குடைத் தண்ணீரெல்லாம் அவன் சட்டைமேல்.

“குடையை மடக்கிட்டு வரலாமே...”

“கதவை மெல்லத் திறந்திருக்கலாமே...”

அவன் முகத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குள் இரண்டு கருவிழிகள்... கோபப்பட வந்து, வந்த வேலையை மறந்துபோன விழிகள். அவள் நெஞ்சுக்குள் என்னவோ படபடத்தது. சீ, இதற்கா வந்தோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

வந்த காரியம் பெரிது. துறைமுகத் தெருவில் வாழும் அவள் இனத்தார் ஊரில் ஒரு கைப்பிடி அளவுதான். அவர்களில் எந்தப் பெண்ணும் இதுவரை கணினி படித்ததில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி எட்டுத் தகப்பன்மாரிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். போனால் எட்டுப் பெண்களும் சேர்ந்து போக வேண்டும், இல்லையேல் ஒருத்தியும் போகக் கூடாது என்று அவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். சேர்க்கை இன்று மாலையோடு முடிகிறது.

“எட்டுப் பேரும் ஒரே குடும்பம்னு காட்டுதேம்மா. குடும்பத்துக்கு ஒரு இடம்தான்,” என்று மையத்தின் தலைவி திரையைத் திருப்பிக் காட்டினார்.

“மேடம், எங்க ஆளுங்களுக்கு ஆளுக்கு ஒரு பேரு மட்டும்தான், குடும்பப் பேரு கிடையாது. அப்பா பேரைப் பொண்ணுங்க எழுதறது மரியாதைக் குறைவு. ரெண்டாவது பேரு குடுத்தே ஆகணும்னு உங்க கம்ப்யூட்டர் அடம்பிடிச்சுது. வேற வழியில்லாம எல்லாரும் தெருப் பேரைப் போட்டாங்க. அதுக்கு இந்தப் புத்தியைக் குடுத்த மகராசன் யாரு?”

பின்னால் ஒரு கனைப்பு. “நான்தாங்க...”

சட்டை சொட்டச் சொட்ட அவன்தான் நின்றான்.

“அதானே பாத்தேன். கதவு திறக்கிற அழகு இதுலயும் தெரியுதே.”

அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. தலைவி சிரிக்கவில்லை. “இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நான் எதை வெச்சும்மா நம்புறது? யார் வேணாலும் வந்து சொல்லலாமே.”

டீச்சரின் முதுகு நிமிர்ந்தது. எங்கள் பேச்சுக்குச் சாட்சி வேண்டுமா... “நம்பாத இடத்துல கெஞ்சி எங்களுக்குப் பழக்கமில்ல மேடம். வர்றேன்.”

திரும்பிவிட்டாள். ஆனால் கால் நகரவில்லை. இன்று காலை வாசலில் நின்று கையசைத்த எட்டு முகங்கள்... அவற்றுக்கு என்ன பதில் சொல்வாள்?

“நில்லுங்க.” அவன் குரல் மாறியிருந்தது. “மேடம், அவங்க சொல்றது நிஜம். நானும் அந்த ஆளுங்கதான், வெளியூர்லேருந்து வந்தவன். என் ரெண்டாவது பேரு நானா ஒட்ட வெச்சுக்கிட்டது... காலேஜ்ல கேலி பண்ணுவாங்கன்னு பயம். எல்லாம் தெரிஞ்ச நானே இதை மறந்துட்டேன். தப்பு என்னோடது. இப்பவே சரி பண்றேன்.”

தலைவி விசைப்பலகையை அவன் பக்கம் நகர்த்தினார். “பண்ணுப்பா.”

அவன் விரல்கள் பறந்தன. திரையில் எட்டுப் பெயர்கள் தனித்தனியே நின்றன. அவளுக்குக் கண் கரித்தது... சந்தோஷத்தில்தான்.

சனிக்கிழமை முதல் வகுப்பு. பாடம் எடுத்தவன் அவனே. துணைக்கு வந்த டீச்சர் கடைசி வரிசையில். குட்டிப் பெண் ஒருத்தி பொத்தானைத் தட்ட, அவள் எழுதிய கட்டளைப்படி திரையில் ஒரு வட்டம் சுழன்றது. “டீச்சர், நான் சொன்னா கேக்குது...” எட்டுப் பேரும் கைதட்டி அறையை இரண்டாக்கிவிட்டார்கள்.

வகுப்பு முடிந்தது. தாழ்வாரத்தில் மழைச்சாரல். அவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“சொல்லாதீங்க,” என்றாள் அவசரமாக. “நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு பேச்சு கிளம்பினா எட்டு வீட்டுக் கதவும் சாத்திடும். இந்தப் பிள்ளைங்க படிப்பு போயிடும்.”

அவன் ஓரடி விலகி நின்றான். “சரி. அப்போ உங்ககிட்ட சொல்லல. எங்க அம்மாகிட்ட சொல்றேன். அவங்க வந்து உங்க அப்பாகிட்ட பேசட்டும். முறைப்படி நடந்தா யாரு என்ன சொல்லப் போறாங்க?”

அவள் கன்னம் சிவந்தது. “அப்பாதான் பதில் சொல்லுவார்...”

“அவர் பதில் இருக்கட்டும். உங்க பதில்?”

அவள் மழையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்... முழுசாக.

“பிடிக்காத மனுஷன்கிட்ட இப்படி நனைஞ்சுகிட்டு நின்னு பேசுவேனா? அம்மாவை நாளைக்கே அனுப்புங்க.”