கைப்பிடிக்குள் மூச்சு

மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடிக் கிரிப்பைப் பிளேடால் கீறி உரித்தபோது ரப்பரின் உட்புறம் ஈரமாக இருந்தது.

மழை ஈரம் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் சில்லென்று இருக்கும், துரு வாசம் அடிக்கும். இது வெதுவெதுப்பாக, கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அதைப் போல முத்து முத்தாகப் படிந்திருந்தது. திருமலைசாமி விரலால் தொட்டு மோந்து பார்த்தான். இருமல் மருந்தின் தித்திப்பு வாடை. காலையிலிருந்து வெயிலில் நின்ற வண்டி, வேர்த்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு விரலை லுங்கியில் துடைத்தான். இரும்பு எங்கேயாவது வேர்க்குமா என்று கேட்க வாசலில் வேறு ஆள் இல்லை.

பல்லடத்தில் கோழித்தீவனக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிறவன் அவன். ஸ்பேனர் பிடிக்கிற ஆளில்லை. கிரிப் மாற்றுவதற்கெல்லாமா மெக்கானிக்கிடம் போவது என்ற ரோஷத்தில்தான் அந்த ஞாயிறு மத்தியானம் பழைய பிளேடும் சோப்புத் தண்ணீரும் புது ஜோடிக் கிரிப்புமாக உட்கார்ந்திருந்தான். வண்டி ஆடி மாதம் அந்தியூர்ப் பக்கம் அப்புசாமி என்பவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கிரிப் இரண்டும் பிசுபிசுத்துக் கையெல்லாம் கரி அப்பியது. நாலு வயது மகள் மோகனப்பிரியா பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து அதைத்தான் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையையே வாயிலும் வைப்பாள். கலாமணி புருஷனைப் போட்டு அரித்து எடுத்துவிட்டாள்.

பிள்ளைக்கு ஏற்கெனவே இளைப்பு. வண்டி வந்த ஆடிக்கு அப்புறம்தான் தொடங்கியது. சுற்றிலும் தறிக்குடோன், பஞ்சுத்தூசி, அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரிகளில் புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றி அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன நெஞ்சுக்குள் விசில் இழுப்பதைக் கேட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அந்தச் சத்தம் அப்படியே நின்றுபோய்விட்டால்? திருமலைசாமிக்கு இந்த உலகத்தில் இருந்த பயம் அது ஒன்றுதான்.

கரண்ட் போனது. நாலு பக்கமும் தடதடத்துக்கொண்டிருந்த தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. மேகம் கவிந்து வெளிச்சம் மங்கியிருந்தது. தென்னை ஓலைகூட அசையவில்லை. அப்போதுதான் விசில் கேட்டது. மெல்ல இழுத்து, சற்று நின்று, கரகரத்து வெளியேறும் அதே விசில். பாவம், தூக்கத்திலும் பிள்ளைக்கு இழுக்கிறதே என்று எழுந்து உள்ளே போனான்.

பிரியா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. பக்கத்தில் முறத்தால் விசிறிக்கொண்டிருந்த கலாமணி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். இப்போதுதான் இழுப்பு விட்டது, மூன்று மாதத்தில் பிள்ளை இப்படித் தூங்கிப் பார்த்ததில்லை என்று கிசுகிசுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவன் வாசலுக்குத் திரும்பினான். விசில் அங்கே இருந்தது.

ஹேண்டில்பாரின் திறந்த முனையில் காதை வைத்தான். உள்ளிழுப்பு. இடைவெளி. கரகரப்பு. காதுமடலில் சூடாகப் பட்டது. காற்று புகுந்து குழாய் ஊதுகிறது என்று நினைக்கப் பார்த்தான், காற்றே இல்லை. கட்டைவிரலால் முனையை அடைத்தான். விரலின் சதையைக் குழாய் மெல்ல உள்ளே உறிஞ்சியது. அதே நொடியில் வீட்டுக்குள் பிரியா இருமினாள். விசில் இப்போது அவளிடமிருந்து கேட்டது.

விரலை எடுத்தான். பிள்ளை அடங்கியது. குழாய் இழுத்தது.

தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் அடைத்தான். மறுபடியும் இருமல். அதன்பிறகு அதை இன்னொரு முறை செய்து பார்க்க அவன் கை துணியவில்லை.

வலது கிரிப்பையும் கீறி எடுத்துவிட்டு, கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் குழாய்க்குள் விட்டான். நடுவில், வளைவுக்குப் பக்கத்தில், மெத்தென்று எதுவோ தட்டியது. கொக்கி போட்டு இழுத்ததும் சிவப்புத் துணிச் சுருள் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. பிரித்தான். ஒரு கற்றைக் குழந்தை முடி. சுக்காகக் காய்ந்த எலுமிச்சைத் தோல். முடிச்சு முடிச்சாகப் போட்ட, ஒரு சின்னப் பிள்ளையின் அரைஞாண் கயிறு.

கழிப்பு. அவனுக்குத் தெரியாததா? நோய்ப்பட்ட பிள்ளையைச் சுற்றி எடுத்து முச்சந்தியில் வீசிவிடுவார்கள். அதை யார் தாண்டுகிறார்களோ, நோய் அவர்களோடு போய்விடும் என்பார்கள். அவன் அதையெல்லாம் கிண்டல் செய்தவன். இப்போது அப்புசாமியின் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு பையன் கோழிகளைத் துரத்திக்கொண்டு ஓடினான். "பையனுக்கு மூச்சு முட்டல் இருந்துதுங்க. இப்பச் சுத்தமாப் போயிருச்சுங்க" என்று அப்புசாமி சொன்னார். வண்டி கிளம்பியபோது அதைப் பார்த்துக் கை கூப்பினார். வளர்த்த மாட்டை விற்கிறவர் மாதிரி பாசம் என்று அன்றைக்கு இவன் நினைத்துக்கொண்டான். முச்சந்தியில் போட்டால் அடுத்த தெருவோடு நின்றுவிடும். சக்கரம் வைத்த ஒன்றில் ஒளித்து அனுப்பினால் நாற்பது காதம் போகும். திருமலைசாமிக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

ஆனால் குழாயில் இப்போது சத்தமே இல்லை. உள்ளே பிரியா எழுந்து தண்ணீர் கேட்பது கேட்டது. கணீரென்ற குரல், ஒரு பிசிறு இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கலாமணியிடம் எதுவும் சொல்லவில்லை. ஏற்கெனவே பயந்து கிடப்பவள், அவள் தலையில் இதையும் போடுவானேன் என்று நினைத்தான். சுருளை மடியில் கட்டிக்கொண்டு இதோ வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

எஸ்.டி.டி. பூத் இருக்கும் முச்சந்தியில் நின்றான். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். குழந்தை இவனைப் பார்த்துச் சிரித்தது. சுருளை அங்கே போட அவனால் முடியவில்லை. முச்சந்தியைத் தாண்டி, தண்ணீர் வற்றிப் பாழடைந்த தோட்டத்துக் கிணறுவரை போனான். சுருளைக் கையில் எடுத்தபோதுதான் அதற்குக் கனமே இல்லை என்று உறைத்தது. காய்ந்துபோயிருந்தது. சூடு இல்லை, ஈரம் இல்லை, மருந்து வாடையும் இல்லை.

இதற்குள் எதுவும் இல்லை.

குழாயின் நடுவில் வைத்த அடைப்பு மட்டும்தான் இது. இழுத்துக்கொண்டிருந்தது இதுவல்ல, அந்தக் குழாய். அடைப்பையும் எடுத்துவிட்டு அதைப் பிள்ளையின் பக்கத்தில் விட்டு வந்திருக்கிறான்.

சுருள் கிணற்றில் விழுந்ததை அவன் பார்க்கவில்லை. தூறல் தொடங்கியிருந்தது. ஓடினான். செருப்பு ஒன்று வழியில் கழன்று போனது. ஓடினான்.

வாசலில் வண்டி நனைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் புதுக் கிரிப். கறுப்பாக, பளபளவென்று, முனைவரை இறுக்கமாக.

கலாமணி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரியா.

"மழத்தண்ணி உள்ள எறங்கிப்போகும்னு நானே மாட்டிப்போட்டனுங்க" என்றாள், சிரித்துக்கொண்டு. "சோப்புத் தண்ணி வெச்சதும் வழுக்கிட்டுப் போயிருச்சு. பிள்ளையப் பாருங்க, எளப்புங்கறதே இல்ல. மறுக்காவும் தூங்கிப்போட்டா."

அவன் மண்டியிட்டு மகளின் நெஞ்சில் காதை வைத்தான். துடிப்பு இருந்தது. உடம்பு சூடாக இருந்தது. மூக்கருகே விரலை வைத்தான்.

ஒன்றும் இல்லை.

வைத்தபடியே இருந்தான்.

ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தான். இடது கிரிப்பின் முனையில் ரப்பர் மெல்ல உப்பியது. அமுங்கியது. வலது முனை உப்பியது. அமுங்கியது. சீராக. விசில் இல்லாமல்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

பிளேடு சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தான். இடது கிரிப்பைப் பிடித்து, பிளேடின் விளிம்பை ரப்பரில் வைத்தான். அழுத்தினால் போதும். உள்ளே அடைபட்டது வெளியே வந்துவிடும். வந்து? மகளிடம் போகுமா? தூறலில் கலந்து போய்விடுமா? உள்ளங்கைக்கடியில் ரப்பர் ஏறி இறங்கியது. அழுத்தவில்லை.

நிலைப்படியில் பிரியா கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் நெஞ்சு அசையவில்லை.

உதடு மட்டும் அசைந்தது.

"அப்பா" என்ற குரல் அவன் கைக்கடியில், ரப்பருக்குள்ளிருந்து கேட்டது.